திருகோணமலைக் குப்பை: எல்லாம் ஈரத்தில்தான் தொடங்குகிறது

2025 நவம்பர் 1 முதல் கடைகளில் சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, அதன் விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. திருகோணமலை நகரசபை மாநகரசபையாக உயர்ந்ததும் அதே ஆண்டில்தான். நகரம் வளர்கிறது, அதோடு குப்பையும் வளர்கிறது. பைக்குக் காசு வாங்கினால் குப்பை எப்படிக் குறையும்? உக்குவதையும் உக்காததையும் ஏன் பிரிக்கச் சொல்கிறார்கள்? கொழும்புக்கு அருகே கேரவலப்பிட்டியில் போல நாமும் குப்பையை எரித்து மின்சாரம் எடுத்தால் என்ன? இந்த மூன்று கேள்விகளையும் அடிக்கடி கேட்க முடிகிறது.

மூன்றுக்குமான விடை ஒரே இடத்தில் இருக்கிறது. சமையலறையின் ஈரக் குப்பை மற்றக் குப்பையோடு சேர்கிற நிமிடத்தில்தான் பெரும்பாலான கெடுதல் நடந்து முடிகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு பணம் செலவழித்தாலும் அதைச் சரிசெய்வது கடினம். ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

குப்பை வாளிக்குள் என்ன இருக்கிறது?

இலங்கையில் வீடுகளிலும் கடைகளிலும் சேரும் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. மரக்கறித் தோல், மீன் செதிள், மிஞ்சிய சோறு, தேங்காய்ப்பூச் சக்கை, வாழையிலை, வளவில் கூட்டிய சருகு எல்லாம் இதில் அடங்கும். திருகோணமலையில் இதோடு மீன் சந்தைக் கழிவு, கோழிக்கடைக் கழிவு, கோயில்களில் சேரும் பூவும் வாழைத்தண்டும், கடற்கரையோரம் குவியும் இளநீர்க் கோம்பையும் சேர்கின்றன.

மிச்சத்தை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று விற்கக்கூடிய உலர்ந்த பொருள்: காகிதம், அட்டைப்பெட்டி, தண்ணீர்ப் போத்தல், தகரம், அலுமினியம், கண்ணாடி. மற்றது யாரும் வாங்காத மிச்சம்: குழந்தைகளின் டயப்பர், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே, அழுக்கேறிய பொலித்தீன், உடைந்த பீங்கான்.

ஒரு தெருவில் 100 கிலோ குப்பை சேர்கிறது என்று விளக்கத்துக்காக வைத்துக்கொள்வோம். அதில் 60 கிலோ ஈரக் குப்பை, 20 கிலோ விற்கக்கூடியது, 20 கிலோ மிச்சம். மூன்றும் ஒரே பையில் வந்தால் அட்டையில் குழம்பு ஊறிவிடும், போத்தலில் சோறு ஒட்டிவிடும், ஈரத்துக்குள் கண்ணாடித் துண்டு புகுந்துவிடும். அப்போது 100 கிலோவும் குப்பைமேட்டுக்குத்தான் போகும். ஈரத்தைத் தனியாக எடுத்துவிட்டால் மேட்டுக்குப் போவது 20 கிலோ மட்டும். இரண்டு நிலைக்கும் இடையில் புதிய இயந்திரம் ஒன்றும் வரவில்லை. வீட்டில் இன்னொரு வாளி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மேட்டுக்குள் நடப்பது

திறந்த வெளியில் கொட்டிய ஈரக் குப்பை மேலே காய்ந்து கிடந்தாலும் உள்ளே காற்றில்லாமல் அழுகும். அதிலிருந்து நான்கு ஆபத்துகள் வருகின்றன.

1. மெதேன் வாயு. ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் உணவுக் கழிவைத் தின்று மெதேனை வெளிவிடுகின்றன. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மெதேன் புவியைச் சூடாக்குவது, ஒரு கிலோ காபனீரொட்சைட்டைப் போல 27 மடங்குக்குக் குறையாது. அது தீப்பற்றக் கூடியதும்கூட. குப்பைமேடு நாள்கணக்கில் புகைந்துகொண்டிருப்பதற்கு இது ஒரு காரணம்.

2. வடிநீர். திருகோணமலைக்கு மழை ஆண்டு முழுவதும் சீராகப் பெய்வதில்லை. ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை வாடைக்காற்று மழை கொட்டும். நவம்பரில் மட்டும் சராசரியாக 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். ஒரு ஹெக்டேயர் பரப்புள்ள குப்பைமேட்டில் 300 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 30 லட்சம் லீற்றர் தண்ணீர். அதில் ஒரு பகுதி குப்பைக்குள் இறங்கி, அழுகலையும் பற்றரியிலிருந்தும் பெயின்ற்றிலிருந்தும் கரையும் உலோகங்களையும் சேர்த்துக்கொண்டு கறுப்பாக வடிகிறது. கரையோர மணல் நிலத்தில் தண்ணீர் வேகமாகக் கீழே இறங்கும். கிணற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய அச்சுறுத்தல் என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

3. சரிவு. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். மழைநீர் ஊறி, ஈரம் நிறைந்து, உயரமாகக் குவிந்த குப்பை மண்சரிவைப் போலவே நடந்துகொள்ளும்.

4. விலங்குகள். அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் குப்பைமேட்டுப் பிளாஸ்டிக்கைத் தின்ற யானைகள் எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 இறந்ததாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பிரட்றிக் கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் திரியும் புள்ளிமான்கள் குப்பையைக் கிளறுவதை திருகோணமலையில் பார்க்காதவர் குறைவு. மான் அசைபோடும் விலங்கு. அதன் முதல் இரைப்பைக்குள் போன பொலித்தீன் வெளியே வர வழியில்லை. வயிறு நிறைந்த உணர்வோடு அது மெலிந்து சாகும்.

மானோ யானையோ பிளாஸ்டிக்கைத் தேடி வருவதில்லை. பைக்குள் இருக்கும் சோற்றின் வாசம்தான் அதை அழைக்கிறது. பையில் சோறு இல்லையென்றால் மான் அதைச் சீண்டாது. ஈரத்தைப் பிரிப்பது இங்கே ஓர் உயிரைக் காப்பாற்றுகிறது.

சொப்பிங் பைக்குக் காசு எதற்கு?

கடையில் இலவசமாகக் கிடைத்த பைக்கு வீட்டில் இரண்டாவது வேலை ஒன்று உண்டு. மீன் செதிளையும் மிஞ்சிய கறியையும் அதற்குள் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டு, கேற்றில் தொங்கவிடுவது. வாசம் வராது, நாய் இழுக்காது என்பது நம் எண்ணம். ஆனால் ஈரக் குப்பையை உக்கவைத்துக் கூட்டெரு என்ற பசளை செய்யும் இடத்தில் அந்த முடிச்சுகள் ஒவ்வொன்றையும் ஒருவர் கையால் கிழித்துக் கொட்ட வேண்டும். கிழிக்காமல் விட்டால் பைக்குள் காற்றுப் போகாது, உள்ளே அழுகும். அரைகுறையாகக் கிழித்தால் பசளைக்குள் பொலித்தீன் துண்டுகள் கலக்கும். ஈரத்தை வாளியில் சேர்த்து, வாளியோடே கொட்டிவிட்டு வாளியைத் திரும்ப எடுத்துக்கொள்வதுதான் சரியான முறை. பை விலைக்கு வந்தால் அந்தப் பழக்கம் தானாக உருவாக வாய்ப்பு இருக்கிறது. இந்த விதியின் பெரிய பயன் இதுதான் என்று நினைக்கிறேன்.

இது முதல் விதியும் இல்லை. 2017 செப்டெம்பர் 1 இல் லஞ்ச் ஷீற், ரெஜிபோம் உணவுப் பெட்டி, 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீன் ஆகியவை தடைசெய்யப்பட்டன. பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதற்கும் அந்த ஆண்டிலேயே தடை வந்தது. 2021 மார்ச் 31 இல் சிறிய சாஷேக்களும், 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி போன்றவையும் பட்டியலில் சேர்ந்தன. தடை, பொருளை மாற்றும். வாளிக்குள் கலப்பதைத் தடை மாற்றாது.

மீள்சுழற்சி தூரத்தில்தான் தோற்கிறது

பழைய இரும்பும் பித்தளையும் வாங்க சைக்கிளிலும் சின்ன லொறியிலும் தெருத்தெருவாக வருபவர்களை நமக்குத் தெரியும். உலோகத்துக்கு இவர்களே போதும். அது கனமானது, விலையுள்ளது, எவ்வளவு தூரம் கொண்டுபோனாலும் கட்டுப்படியாகும்.

தண்ணீர்ப் போத்தலின் கதை வேறு. ஒரு வெற்றுப் போத்தல் ஏறத்தாழ 20 கிராம். அப்படியானால் ஒரு தொன் சேர 50,000 போத்தல் வேண்டும். பிளாஸ்டிக்கைத் திரும்ப உருக்கும் ஆலைகள் பெரும்பாலும் மேல் மாகாணத்தின் பக்கம் இருக்கின்றன. திருகோணமலையிலிருந்து கொழும்பு 250 கிலோமீற்றருக்கு மேல். நசுக்காத போத்தலை ஏற்றினால் லொறி கொண்டுபோவது பெரும்பாலும் காற்றைத்தான், டீசல் காசுகூட மிஞ்சாது. எனவே இங்கே மூன்று விடயங்கள் கட்டாயம்:

1. போத்தலை நசுக்கிக் கட்டாகக் கட்டும் அமுக்கி இயந்திரம் உள்ளூரில் இருக்க வேண்டும்.
2. ஒரு லொறி நிறையும் வரை மழைபடாமல் சேர்த்துவைக்கக் கூரையுள்ள இடம் வேண்டும்.
3. பொருள் சுத்தமாக வர வேண்டும். சோறு ஒட்டிய போத்தலை வாங்குபவர் விலையைக் குறைப்பார், அல்லது வாங்கவே மாட்டார்.

மூன்றாவது விடயம் நம்மைத் திரும்பவும் ஈரத்திடமே கொண்டுவருகிறது. அட்டையும் காகிதமும் இன்னும் மோசம். ஒரு முறை கறிச்சாறு ஊறினால் அவற்றுக்கு விலையே கிடையாது.

பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். 1 தண்ணீர்ப் போத்தல், 2 சவர்க்காரத் திரவம் வரும் தடித்த போத்தல், 5 யோகட் கப் போன்றவற்றில் பயன்படும் பொலிப்புரப்பிலீன். முதல் இரண்டுக்கும் சந்தை உறுதியாக உண்டு, 5க்கு ஓரளவு உண்டு. பல படைகளை ஒட்டிச் செய்த பளபளப்பான உறைக்கு எந்த எண் போட்டிருந்தாலும் அதை உருக்கிப் பிரிக்க முடியாது. முக்கோணம் இருந்தால் மீள்சுழற்சி ஆகும் என்று நம்புவது தவறு. அந்த எண் இது என்ன பிளாஸ்டிக் என்று மட்டும் சொல்கிறது.

கூட்டெரு: உள்ளூரிலேயே முடியக்கூடிய வேலை

போத்தலுக்குக் கொழும்பு வேண்டும். ஈரக் குப்பைக்கு யாரும் வேண்டாம், வளவின் ஒரு மூலை போதும். ஆனால் முறை தெரியாமல் செய்து, நாற்றமும் புழுவும் வந்து, கூட்டெரு செய்யக் கொடுத்த பரலைத் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொண்ட வீடுகளும் இருக்கின்றன. பிழை அவர்களுடையது இல்லை. பரலைக் கொடுக்கும்போது சருகைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

உக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குக் காபனும் நைதரசனும் வேண்டும், ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு காபனுக்கு 1 பங்கு நைதரசன் என்ற அளவில். மீன் கழிவில் ஒரு பங்கு நைதரசனுக்குக் காபன் 5 பங்குகூட இராது. காய்ந்த சருகில் 40 முதல் 80 வரை இருக்கும். மீனை மட்டும் போட்டால் மிஞ்சிய நைதரசன் அமோனியாவாகப் பறக்கும். மூக்கைப் பொத்தவைக்கும் நெடியில் பெரும்பங்கு அதுதான். சருகு மட்டும் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆகவே ஒரு வாளி ஈரத்துக்கு இரண்டு மூன்று வாளி சருகு என்பது நடைமுறைக் கணக்கு. இனி முறை:

1. அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சுள்ளியும் தும்பும் போடுங்கள். கீழிருந்து காற்று வர இது வேண்டும்.
2. ஈரக் குப்பை ஒரு படை, அதை முழுதாக மூடச் சருகு ஒரு படை. ஈரம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் இலையான் வரும்.
3. கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி தண்ணீர் வர வேண்டும். ஓடினால் சருகு சேர்க்க வேண்டும், ஒன்றுமே வராவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் இங்கே குவியல் காய்ந்துபோவதுதான் வழக்கமான சிக்கல்.
4. பெரிய குவியல் சில நாளில் 55 பாகைக்கு மேல் சூடேறும். அந்தச் சூடு சில நாள் நீடித்தால் நோய்க்கிருமியும் களை விதையும் சாகும். வீட்டுப் பரல் சிறியது, அவ்வளவு சூடாகாது. அதனால் வீட்டில் மீன், இறைச்சியைக் கொஞ்சமாகவே போட வேண்டும்.
5. இடையிடையே கிளறினால் இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனை வரும். அழுகல் வாசனை இருக்கும்வரை அது பசளை ஆகவில்லை.

நகரத்தில் சருகுக்குப் பஞ்சமில்லை. வேம்பும் பூவரசும் கொட்டுவதைக் கூட்டிக் குவித்துக் காலையில் கொளுத்துவதுதான் நம் வழக்கம். கூட்டெரு செய்யும் இடத்துக்குத் தேவைப்படும் காபன், தெருவோரப் புகையாய்ப் போகிறது. சருகைச் சாக்கில் கட்டி உலர்ந்த இடத்தில் வைத்தால் மார்கழி மழைக்குள்ளும் குவியலை நடத்தலாம்.

பசளைக்குத் தேவை இருக்கிறதா? நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்தின் மணல் பாங்கான வெங்காயத் தோட்டங்களைப் பாருங்கள். மணல் தண்ணீரையும் உரத்தையும் பிடித்துவைக்காது, உக்கல் பொருள் சேர்த்தால்தான் பிடிக்கும். ஆனால் வெறுங்காலோடு பாத்தியில் இறங்கும் விவசாயி, கண்ணாடித் துண்டு ஒன்றை மிதித்த பிறகு அந்தப் பசளையைத் திரும்ப வாங்க மாட்டார். கலந்த குப்பையைச் சல்லடையில் போட்டு எடுக்கும் பசளைக்கும், தனியாக வந்த ஈரத்தில் செய்த பசளைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஆலப்புழை செய்தது

கேரளத்தின் ஆலப்புழை நம்மைப் போலவே கடலும் காயலும் சுற்றுலாவும் உள்ள ஊர். அதன் குப்பை பக்கத்துக் கிராமமான சர்வோதயபுரத்தில் கொட்டப்பட்டது. 2012 இல் அந்த ஊர் மக்கள் லொறிகளை மறித்தார்கள். வேறு இடம் கிடைக்கவில்லை. நகராட்சி வழியில்லாமல் ஈரக் குப்பையை ஊருக்குள்ளேயே முடிக்கத் தொடங்கியது. வீடுகளுக்கு மானியத்தில் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் சிறிய உயிர்வாயுக் கலங்களும் குழாய்க் கூட்டெருவும் வந்தன. இடமில்லாத வீடுகளுக்காகத் தெருக்களில் காற்றோட்டமான பெட்டிகள் வைக்கப்பட்டன, நான்கடி நீளம், அகலம், உயரம். சாணம், சருகு, குப்பை என்று படைபடையாகப் போட்டால் 90 நாளில் பசளை. 2017 இல் ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் உலகின் முன்மாதிரி நகரங்கள் ஐந்தில் ஒன்றாக அதைக் குறிப்பிட்டது.

அங்கே மக்கள் மறித்த பிறகுதான் வேலை தொடங்கியது. நம் குப்பைமேடுகளுக்கு அருகில் வாழ்பவர்களின் பொறுமையை நம்பி நாம் அதுவரை காத்திருக்கக் கூடாது.

பிரித்தது பிரிந்தே போக வேண்டும்

வீட்டில் பிரித்துக் கட்டிய இரண்டு வாளிகளும் டிராக்டர் பெட்டிக்குள் ஒன்றாக விழுவதை ஒரு முறை பார்த்தவர் மறுநாள் பிரிக்க மாட்டார். அவரைக் குறைசொல்லவும் முடியாது. இந்த நம்பிக்கைக்கு மலிவான ஏற்பாடு நாளைப் பிரிப்பதுதான். ஈரம் ஒன்றுவிட்ட ஒரு நாள், உலர்ந்தது வாரத்துக்கு ஒரு நாள். ஒரே டிராக்டர், ஒரே ஆட்கள், அன்றைக்கு உரியதை மட்டும் எடுப்பார்கள். உரியதில்லாத வாளியை விட்டுவிட்டுப் போகும் அதிகாரமும் தொழிலாளருக்கு இருக்க வேண்டும். கையுறையும் சப்பாத்தும் அவர்களுக்கு முதலில்.

சேர்த்த குப்பை உள்ளூராட்சி மன்றத்தின் சொத்து, விற்கும் அதிகாரமும் அதற்கு உண்டு என்று மாநகரசபைக் கட்டளைச்சட்டம் சொல்கிறது. எல்லைகளும் ஒரு சிக்கல். நகரம் மாநகரசபைக்கு, உப்புவெளி ‘பட்டினமும் சூழலும்’ என்ற பிரதேச சபைக்கு, நிலாவெளி குச்சவெளிப் பிரதேச சபைக்கு. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை சுற்றுலாக் காலத்தில் போத்தல் குவியும் ஹோட்டல்கள் ஒரு சபையில், விற்கும் கடைகள் இன்னொரு சபையில். மூன்று சபையும் தனித்தனியே அமுக்கி இயந்திரம் வாங்குவதைவிட, ஒன்றைப் பொதுவாக வைத்தால் லொறி சீக்கிரம் நிறையும்.

எரித்து மின்சாரம் எடுத்தால்?

கேரவலப்பிட்டியில் 2021 இல் தொடங்கிய 10 மெகாவாற் நிலையம் கொழும்புப் பகுதியின் குப்பையை நம்பி ஓடுகிறது. உலக வங்கியின் வழிகாட்டி ஒன்று, எரிப்பு நிலையத்துக்கு ஆண்டுக்கு 50,000 தொன்னுக்குக் குறையாத குப்பையும், கிலோவுக்குச் சராசரியாக 7 மெகாயூல் வெப்பமும் வேண்டும் என்கிறது. 50,000 தொன் என்றால் நாளுக்கு 137 தொன். திருகோணமலை போன்ற ஒரு நகரம் தனியாக அதைத் தராது. பாதிக்கு மேல் ஈரமுள்ள குப்பையை எரித்தால் வெப்பத்தின் பெரும்பகுதி தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும்.

சீனக்குடாவில் சீமெந்து ஆலை இருக்கிறதே, அங்கே எரிக்கலாமே என்றும் கேட்கிறார்கள். அங்கே நடப்பது இறக்குமதியாகும் கிளிங்கரை, அதாவது ஏற்கெனவே சூளையில் சுட்ட சீமெந்துக் கட்டியை, அரைக்கும் வேலை. கழிவை எரிக்கக்கூடிய சூளை புத்தளத்து ஆலையில்தான் உண்டு. அங்கேயும் உலர்ந்த பிளாஸ்டிக் போனால்தான் அது எரிபொருள்.

கடைசி 20 கிலோ

டயப்பர், சாஷே, கிழிந்த செருப்பு, உடைந்த பீங்கான் எப்படியும் மிஞ்சும். அதற்கு முறையாகக் கட்டிய நிலநிரப்பு தேவை: அடியில் நீர் கசியாத விரிப்பு, வடிநீர்க் குழாய், தினமும் மேலே ஒரு படை மண். கம்பஹா மாவட்டத்தின் தொம்பேயில் கொரிய உதவியோடு 2015 இல் திறக்கப்பட்டது இந்த வகை. இதைக் கட்டவும் செலவு, வடிநீரைச் சுத்திகரிக்கவும் செலவு. ஈரக் குப்பை உள்ளே போகாத நிலநிரப்பில் வாயு மிகக் குறைவாகவே உருவாகும். வடிநீர் என்று வருவது பெரும்பாலும் மழைநீர்தான். புரட்டாசிக்குள் மேற்பரப்பைத் தார்ப்பாயாலும் மண்ணாலும் மூடி, சுற்றிவரக் கான் வெட்டிவிட்டால் அந்த மழையின் பெரும்பகுதி குப்பையைத் தொடாமலே ஓடிவிடும்.